துப்பாக்கி, படக்கருவி, பெயர்: நீரிணைக் கரையின் கொன்றுண்ணிப் பறவைகள்

பினாங்குத் தீவிற்கும் பட்டர்வொர்த்திற்கும் இடையே பயணிகள் படகில் சென்றவர்கள், அலைக்கு மேலே தாழப் பறந்து, மிதக்கும் மீனைக் கால் நகங்களால் அள்ளிச் செல்லும் பறவையைக் கண்டிருப்பர். தலையும் மார்பும் வெள்ளை. ஏனைய உடல் செங்கல் நிறம். சிறகின் நுனி கருமை. மலாய் மொழியில் அதற்கு ஹெலாங் மேரா என்று பெயர். தமிழகத்தில் அது செம்பருந்து. கோயில் வழக்கில் கருடன். ஆயினும் நம் மாணவர்கள் ஒட்டும் படத்தொகுப்புகளில் அப்படத்தின் கீழ் எழுதப்படும் பெயர் பெரும்பாலும் 'கழுகு' என்பதே. அடுத்த பக்கத்தில் கடற்கரையின் பெரும் வெண்ணிறப் பறவை. அதன் கீழும் 'கழுகு'. வயல்வெளியில் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும் சிறிய சாம்பல் நிறப் பறவைக்கும் அதே பெயர்தான். பறவைகள் மூன்று, அவற்றின் இரை மூன்று வகை, வாழிடம் மூன்று. சொல் மட்டும் ஒன்று.

படம் எடுக்கும் கருவி ஆண்டுதோறும் கூர்மை பெறுகின்றது; படத்தின் கீழ் எழுதும் சொல்லோ மழுங்கி வருகின்றது. இஃது ஏன் நேர்ந்தது என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். இதற்கு விடை காண, இப்பறவைகளை மனிதர் எக்கருவி கொண்டு பார்த்தனர் என்னும் வரலாற்றைத் தொடர்ந்து செல்ல வேண்டியுள்ளது.

முதலில் சொல் பற்றி ஒரு விளக்கம். பிற உயிரை வேட்டையாடி உண்ணும் பறவைகளை ஆங்கில நூலார் 'பற்றிப் பறித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்த பெயரால் அழைப்பர். தமிழில் 'கொன்றுண்ணிப் பறவை' என்றும் 'இரைக்கொல்லிப் பறவை' என்றும் எழுதுகின்றனர். பிணம் உண்ணும் பாறு இனத்தையும் இவற்றோடு சேர்த்தே எண்ணுவதால் இரு சொல்லும் முழுமையாகப் பொருந்தா. எனினும் வழக்கில் ஊன்றிய முன்னதையே இங்கு ஆள்கின்றோம். அவ்வாறே 'புகைப்படம்' என்னும் சொல்லையும் விடுத்து 'ஒளிப்படம்' என்கின்றோம். ஒளியால் எழுதப்படுவதற்குப் புகையின் பெயர் எதற்கு என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே.

துப்பாக்கியின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இக்கரையின் பறவைகளை அறிவதற்கு இருந்த வழி ஒன்றே: சுட்டு வீழ்த்துதல். வீழ்ந்த பறவையின் தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் மல்லாத்தி வைத்தனர். 1883இல் நிறுவப்பட்ட தைப்பிங் அருங்காட்சியகம் இந்நாட்டு அருங்காட்சியகங்களுள் மூத்தது. இத்தகைய தொகுப்புகளின் துணை கொண்டே எச். சி. ராபின்சனும் எஃப். என். சேசனும் மலாய்த் தீபகற்பப் பறவைகள் பற்றிய பெருநூலை எழுதினர். அதன் முதல் தொகுதி 1927இல் வெளிவந்தது.

தூரிகையின் நிலையும் வேறன்று. மலாக்காவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார்குவார், பெயர் அறியப்படாத ஓவியர்களைக் கொண்டு இயற்கைக் காட்சிப் பொருள்களை வரைவித்தார். எஞ்சியுள்ள 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தின் செல்வமாகும். கண்ணுக்கு இனியவை, இலையின் நரம்பும் இறகின் வரியும் தவறாதவை. ஆனால் அக்கால ஓவியத்தில் பறவை பொதுவாகக் கிளையில் அமர்ந்திருக்கும், சிறகு மடங்கியிருக்கும்.

இதனால் விளைந்தது யாது? கொன்றுண்ணிப் பறவையை நாம் காண்பது பெரும்பாலும் கீழிருந்து, அது பறக்கையில். சிறகின் அடிப்புறக் கோலம், வாலின் வடிவம், வட்டமிடும்போது சிறகைத் தட்டையாக விரிக்கின்றதா மேல்நோக்கி உயர்த்துகின்றதா என்பன போன்றவையே அதனை இனங்காட்டுவன. இழுப்பறைத் தோலில் இவை புலப்படுதல் அரிது. கண்ணின் நிறம் போய்விடும். அலகடித் தோலின் மஞ்சளும் காலின் நிறமும் வெளுத்துவிடும். ஆகவே நூலார் தந்த பெயர்கள் கையில் கிடந்த பறவையின் அடையாளத்தைச் சுட்டுவனவாயின: வெண்வயிறு, கருஞ்சிறகு, செம்முதுகு என்றவாறு.

கரையில் வாழ்ந்தோர் இட்ட பெயர்களை இவற்றுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகை மலாய் மக்கள் ஹெலாங் சீபுட் என்பர்; சீபுட் என்றால் சிப்பி, நத்தை இனம். ஹம்பா சீபுட், அதாவது 'சிப்பிகளின் ஊழியன்', என்றும் அதற்கு ஒரு பெயர் பதிவாகியுள்ளது. கடல்நீர் ஏறி இறங்கும் வேளையை அப்பறவை குரலெழுப்பிச் சிப்பிகளுக்கு அறிவிக்கின்றது என்பது கதை. வயல்களில் காணப்படும் கருந்தோள் பருந்து அவர்களுக்கு ஹெலாங் தீக்கூஸ். தீக்கூஸ் என்பது எலி. அப்பறவையின் முதன்மை இரையும் எலியே. நூலார் தோளின் கருமையைப் பார்த்தனர். உழவர் அது தின்பதைப் பார்த்தனர்.

தமிழ்க் கரையிலும் இவ்வாறே. நீரில் பாய்ந்து மீனைப் பற்றும் பறவைக்கு 'விரால் அடிப்பான்' என்று பெயர். இரை, செயல், செய்வோன் ஆகிய மூன்றும் சொற்கள் இரண்டினுள் அடங்கிய இத்தகைய ஆக்கத்தை இன்றைய கலைச்சொல்லாக்கக் குழு ஒன்று உருவாக்க எத்தனை கூட்டம் தேவைப்படுமோ, அறியோம்.

துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவி

பறக்கும் பறவையைப் படமாக்க முனைந்தோருள் முன்னோடி பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே. 1882இல் அவர் செய்த கருவி, தோற்றத்தில் முழுவதும் துப்பாக்கியே. தோளில் அணைத்து, குழாய் வழியே குறிபார்த்து, விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதியும். ஆங்கிலத்தில் இன்றும் படம் எடுப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே வினையை வழங்குகின்றனர். தமிழ் 'எடுத்தல்', 'பிடித்தல்' என்கின்றது. இந்த வேறுபாட்டைப் பெருமையாகச் சொல்ல வேண்டியதில்லை; பிடித்தலும் வேட்டைச் சொல்தான்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் 1892இல் முட்டையுடன் கூடிய கூடு ஒன்றைப் படமெடுத்தனர். 1895இல் தம் படங்களுடன் பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். பறவை அஞ்சாதிருக்கப் பொய்யான மாட்டுடல் ஒன்றைச் செய்வித்து அதனுள் ஒளிந்திருந்தும் படமெடுத்தவர்கள் அவர்கள். ஓரிடத்திற்கே திரும்பத் திரும்ப வரும் பறவையைத்தான் அக்காலக் கருவியால் பதிய முடியும், அவ்விடம் கூடு. எனவே முதல் அரை நூற்றாண்டுக் காலப் பறவை ஒளிப்படக் கலை பெரிதும் கூட்டருகே காத்திருக்கும் கலையாயிற்று. அதன் ஆபத்து பறவைக்கு மட்டும் உரியதன்று. 1937இல் ஆந்தைக் கூட்டை நெருங்கிய எரிக் ஹாஸ்கிங் என்னும் ஒளிப்படக் கலைஞர் அதன் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார்.

தமிழ் நிலத்தில் ஒரு கொன்றுண்ணிப் பறவை கூட்டை விட்டு மனிதரிடம் நாள்தோறும் வந்த இடம் ஒன்று இருந்தது. செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் அது. வங்கக் கடற்கரையிலிருந்து சிறிது தொலைவே. மலைமேல் நண்பகலில் குருக்கள் அளிக்கும் பொங்கலை உண்ண இரண்டு பறவைகள் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்காட்சி ஒளிப்படமாகியுள்ளது. ஊர் பேர் அறியாத பயணிகளும் அதனை எடுத்துச் சென்றனர். பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்று இனங்கண்டனர். 1990களின் பிற்பகுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று.

மொழியியலார்க்கு அவ்வூர்ப் பெயர் ஒரு கல்வெட்டுக்கு நிகர். பிணமும் கழிவும் உண்ணும் பாறு இனத்தைக் 'கழுகு' என்று வழங்கிய மரபை அது காட்டி நிற்கின்றது. 'பிணந்தின்னிக் கழுகு' என்னும் தொடரிலும் அப்பொருள் இன்னும் உயிருடன் உள்ளது. இன்று பாடநூல்களும் நாளிதழ்களும் உயிருள்ள இரையை வீழ்த்தும் பெரும் பறவையைக் கழுகு என்கின்றன. பொருள் மாறுவது மொழிக்கு இயல்பு. அதனைக் குற்றம் என்று கூறோம். ஆனால் ஒரு சொல் புதுப்பொருளை ஏற்கும்போது பழைய பொருளுக்கு வேறு சொல் வந்து சேர வேண்டும். 'பாறு' என்னும் சொல் இருந்தும் நம் வகுப்பறைகளுக்கு அது வந்து சேரவில்லை.

இதனிடையே அப்பறவைகளே குறைந்துபோயின. கால்நடைக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே சென்று இந்தியப் பாறு இனங்களின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 2004இல் இவ்வுண்மை வெளியாயிற்று. 2006இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியிலும் பாறுகள் ஒருகாலத்தில் வாழ்ந்தன. புரோங் ஹெரிங் என்னும் மலாய்ச் சொல் அவற்றுக்கு உரியது. அவை இங்கிருந்து மறைந்தது இம்மருந்துக்கு மிக முன்னரே. பறவை போனபின் மிஞ்சுவது சொல்லும் படமும் மட்டுமே. அவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மிஞ்சினால், பின்வருவோர் எதைக் கொண்டு அறிவர்?

சிறையில் எழுதிய நூலும் பறணில் எடுத்த படமும்

மலாயா இயற்கைச் சங்கம் 1940இல் தோன்றியது. அதன் தொடக்க காலத்து நூல்களுள் ஒன்று பிறந்த இடம் சாங்கிச் சிறை. காவல் துறை அதிகாரியாக இருந்த ஜி. சி. மேடாக், சப்பானியர் ஆட்சியில் அங்கு அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகள் பற்றிய அறிமுக நூலை எழுதினார். 1947இல் அது அச்சேறியது. சுட்ட தோலை அருகில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட நூலன்று. கண்ட பறவையின் நினைவு கொண்டு எழுதப்பட்டது. அதனாலேயே அந்நூல் சுடாமல் அறியும் காலத்தின் வாயிலில் நிற்கின்றது என்பது எம் கருத்து. 1951இல் ஏ. ஜி. கிளெனிஸ்டர் எழுதிய கையேடு தன் தலைப்பிலேயே மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர் ஆகியவற்றுடன் பினாங்கின் பெயரையும் தாங்கி வந்தது.

இக்காலத்தின் பெரிய ஒளிப்படக் கலைஞர் லோக் வான் தோ. 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். செல்வர் லோக் யூவின் மகன். கத்தே திரைப்பட நிறுவனத்தின் தலைவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து தப்பிச் சென்ற கப்பல் குண்டுவீச்சில் மூழ்க, தீக்காயமுற்றுச் சில காலம் பார்வையும் இழந்திருந்தார். மீண்டு பம்பாய் சேர்ந்த அவருக்குப் பறவையியலறிஞர் சாலிம் அலியின் நட்பு வாய்த்தது. அந்நட்பு அவர் வாழ்நாள் முழுதும் நீடித்தது. சாலிம் அலியின் களப்பயணங்களுக்கு அவர் பொருளுதவியும் செய்தார். அவருடைய படங்களும் எழுத்தும் அடங்கிய 'ஏ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' 1957இல் வெளிவந்தது. 1964 ஜூனில் தைவானில் நேர்ந்த வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார்.

அக்காலப் படக்கருவியின் இயல்பை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்தல் கடினம். படச்சுருளின் ஒளி உணர்திறன் குறைவு. காட்டின் நிழலில் எடுக்க மின்னொளிக் குமிழ் வேண்டும். தொலைவுப் படத்திற்கான நீண்ட வில்லைகள் பாரமானவை. உயர்ந்த மரத்தின் உச்சியில் கூடு கட்டும் பறவையை எடுக்க, அதற்கு இணையான உயரத்தில் பறண் கட்ட வேண்டும். பறவை பழகும் வரை அப்பறணைச் சிறிது சிறிதாக நெருக்கமாக்க வேண்டும். இத்தனைக்கும் செல்வமும் ஓய்வும் ஆள்துணையும் தேவை. தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோர் இப்பறவைகளை நாள்தோறும் கண்டனர். கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்தை விரட்டினர். ஆனால் அவர்கள் கண்டது படமாகவில்லை. அவர்கள் வழங்கிய பெயர்களைத் தொகுத்து எழுதுவாரும் மிகச் சிலரே.

தமிழகத்தில் மா. கிருஷ்ணன் இதற்கு ஒரு விதிவிலக்கு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே அமைத்த பெரும் படக்கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று நகையாகப் பெயரிட்டிருந்தார். கருப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் தாம் மறைந்த 1996 வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். அவர் பெரிதும் படமெடுத்தவை யானை முதலிய விலங்குகளே. ஆயினும் இவ்வுரைக்கு அவர் வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. பார்ப்பவர், படமெடுப்பவர், தமிழில் பெயர் சொல்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தது அவரிடத்தில்தான். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாகக் கிடைக்கின்றன. ஆசிரியர்கள் வகுப்பில் படித்துக் காட்டத் தக்கவை.

தொலைநோக்கியின் முனையில்

1999இல் இம்மலேசிய மண்ணில் நிகழ்ந்த ஒன்று உலகெங்கும் பறவை ஒளிப்படத்தின் போக்கை மாற்றியது. லாரன்ஸ் போ என்னும் பறவை ஆர்வலர், ஒரு சிறிய எண்மப் படக்கருவியைத் தம் தரைத் தொலைநோக்கியின் கண்முனையில் வைத்துப் பார்த்தார். படம் தெளிவாக விழுந்தது. கையளவுக் கருவி, பெருவிலை வில்லைகளால் மட்டும் இயன்றதைச் செய்துவிட்டது. அம்முறைக்கு இன்று உலகம் வழங்கும் ஆங்கிலப் பெயரை ஒரு பிரெஞ்சுப் பறவை ஆர்வலர் இட்டார். முறையைப் பரப்பியவருள் முதல்வர் நம் நாட்டவர். அவர் 2004இல் காலமானார். எம் மாணவருள் இவர் பெயரை அறிந்தோரைக் காணவில்லை. கீர்ட்டன் உடன்பிறந்தாரைப் பாடத்தில் சேர்ப்பதற்கு முன் இவரைச் சேர்க்கலாம்.

இம்மாற்றத்தின் பயனைக் காண மார்ச்சு மாதத்தில் போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனைக்குச் செல்ல வேண்டும். சுமத்திராவை அடுத்த ரூப்பாட் தீவிலிருந்து அம்முனை ஏறத்தாழ 38 கிலோமீட்டர். நீரிணை குறுகும் இடங்களுள் ஒன்று. தெற்கே குளிர்காலத்தைக் கழித்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் இவ்வழியே வருகின்றன. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றின் மேல் சிறகை விரித்து மிதந்து செல்வது அவற்றின் பயண முறை. கடலின்மேல் அவ்வாறு காற்று எழுவதில்லை. எனவே சிறகடித்தே கடக்க வேண்டும்; கரை சேரும்போது களைத்து, மரத்தலை உயரத்தில் வரும். வானின் புள்ளியாகக் காணும் பறவை அங்கே கண்ணெதிரே சிறகின் அடிப்புறத்தைக் காட்டிச் செல்லும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் அங்கு இப்பறவைகளைக் காணும் விழாவை நடத்திவருகின்றது.

தேன்பருந்துகள் ஒன்றற்கொன்று நிறத்தில் பெரிதும் வேறுபடுவன. வெளிறியதும் உண்டு, ஏறக்குறையக் கரியதும் உண்டு. தோலை மட்டும் கண்டவர்க்கு அவை வெவ்வேறு இனமாகத் தோன்றக்கூடும். சிறிய தலை, நீண்ட கழுத்து, வாலின் பட்டை ஆகியவற்றைப் பறக்கும் படத்தில் கண்டோரே ஐயமின்றிப் பெயர் கூறுவர். துப்பாக்கி மறைத்ததைப் படக்கருவி வெளிப்படுத்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று எமக்குத் தெரியவில்லை.

பினாங்கு மாநிலத்தில் அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. 2003இல் அறிவிக்கப்பட்ட தெலுக் பகாங் தேசியப் பூங்காவின் கரைக்காட்டில் வெண்வயிற்றுக் கடற்கழுகைக் காணலாம். வட்டமிடும்போது சிறகை மேல்நோக்கி உயர்த்தியிருக்கும். வால் குறுகி ஆப்பு வடிவில் முடியும். பெருநிலத்தில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையிலான சேற்றுக் கரையும் அலையாத்திக் காடும் பறவைகளுக்கு உலக அளவில் முக்கியமான இடமாகக் குறிக்கப்பட்டுள்ளன. அதற்கு அப்பால் செபராங் பிறையின் நெல்வயல்கள். படமெடுப்போர் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று: ஒளிமிக்க வானத்தின் எதிரே பறக்கும் பறவையைக் கருவி தன் கணக்கில் விட்டால் கரிய நிழலாகவே பதியும். ஒளியளவைக் கையால் சற்றுக் கூட்ட வேண்டும். இல்லையேல் காலைக் கதிரைத் தம் முதுகுக்குப் பின்னே வைத்து நிற்க வேண்டும். நண்பகலில் வயலின் ஆவி நடுங்கும். எத்துணை விலையுள்ள வில்லையும் அப்போது பயன்படாது.

ஊட்டி எடுத்த படம்

நீரிணையின் வடக்கே லங்காவி. அப்பெயரை 'ஹெலாங்' என்னும் பருந்துச் சொல்லோடும் செந்நிறத்தைக் குறிக்கும் 'காவி'யோடும் இணைத்துக் கூறுவர். குவா நகரத் துறைமுகத்தில் அதற்கேற்பப் பெரும் பறவைச் சிலையும் உண்டு. மக்கள் வழக்குச் சொற்பிறப்பு இவ்வாறுதான் இருக்கும். அதனை மொழி வரலாற்றின் முடிவாகக் கொள்ளலாகாது. 'ராஜாவாலி' என்னும் சொல்லும் தமிழ் 'இராசாளி'யும் ஒலியில் நெருங்கி நிற்பதைக் கண்டு மகிழ்வோர்க்கும் இதனையே கூறுவோம்: ஒலி ஒப்புமை ஆய்வின் தொடக்கமே தவிர முடிவன்று. கெடாவின் பழங்கதையான 'ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா'வில் கருடன் லங்காவியோடு தொடர்புபடுத்தப்பட்டிருப்பது மட்டும் உறுதி.

அத்தீவின் கிலிம் ஆற்று அலையாத்திக் காட்டில் சுற்றுலாப் படகுகள் கோழித்தோலை நீரில் எறிந்து செம்பருந்துகளைக் கூட்டுவது பலரும் அறிந்த காட்சி. இருபது முப்பது பறவைகள் ஒருங்கே பாயும். எவரும் நல்ல படம் எடுத்துவிடலாம். திருக்கழுக்குன்றத்திலும் ஊட்டினர் அன்றோ என்று கேட்கலாம். அங்கே இரண்டு பறவைகளுக்கு நாளுக்கு ஒரு வேளை, வழிபாட்டின் பகுதியாக அளித்தனர். இங்கே படகு தோறும், நாள் முழுதும், படத்திற்காக எறிகின்றனர். மீனும் நண்டும் தேடி அலையும் பறவை கொழுப்புத் தோலை நம்பியிருக்கப் பழகுவது நல்லதன்று என இயற்கை ஆர்வலர் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகின்றனர். எமது மறுப்பு இன்னொரு காரணத்தாலும் எழுவது. செம்பருந்து இயல்பாக எவ்வாறு வாழ்கின்றது என்பதை அப்படம் சொல்வதில்லை. ஊட்டி எடுத்த படத்தின் கீழ் அவ்வாறே எழுதிவிட்டால் குறை பெரிதும் நீங்கும், எழுதுவோர்தாம் அரியர்.

கூட்டருகே கூடுவதும் இதனோடு ஒக்கும். கடற்கழுகு ஒரே கூட்டை ஆண்டுக்கு ஆண்டு பழுது பார்த்துப் பயன்படுத்தும். அவ்விடம் ஒருமுறை வெளியானால் பின்பு கூட்டம் குறையாது. தாய்ப்பறவை எழுந்து சென்றால், வெயிலில் முட்டையோ குஞ்சோ நெடுநேரம் தாங்காது. பறண் கட்டியவர் காலத்தில் ஒருவர் இருவரே சென்றனர். இன்று கைப்பேசி வழியே ஒரு மணி நேரத்தில் நூறு பேர் அறிவர். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் தடுக்கும். படம் எடுப்போரின் பொறுமையின்மையைத் தடுக்கும் சட்டம் எந்நாட்டிலும் எளிதன்று.

பெயர் எழுதும் முறை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். 'கழுகு' என்னும் ஒரே சொல் அனைத்தையும் விழுங்கியது ஏன்? நம் மாணவர்கள் பறவையைப் பெரும்பாலும் ஆங்கில, மலாய்ப் படநூல்களில் கண்டு, பின்பு அகராதியில் தமிழ்ச் சொல் தேடுகின்றனர். 'ஹெலாங்' என்பதற்கு அகராதி ஒரு சொல்லைத் தருகின்றது. அதனையே எங்கும் எழுதுகின்றனர். மலாயில் 'ஹெலாங்' பொதுப்பெயர். அடைமொழி சேர்ந்தே இனப்பெயராகும். நாம் பொதுப்பெயரை எடுத்துக்கொண்டு அடைமொழியை விட்டுவிட்டோம். சொல் இல்லாமையால் நேர்ந்ததன்று இது. பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்', க. ரத்னத்தின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' ஆகிய நூல்களைப் புரட்டினால் பருந்து, எருவை, பாறு, வல்லூறு, வைரி, இராசாளி எனப் பெயர்கள் நிறைந்திருப்பதைக் காணலாம்.

நிறைவே சில இடங்களில் இடராகவும் உள்ளது. 'ஆலா' என்னும் சொல் சிலரிடம் கடற்கழுகையும் சிலரிடம் கூரிய சிறகுடைய வேறொரு கடற்பறவை இனத்தையும் குறிக்கின்றது. இத்தகைய சொல்லை இனங்காட்டும் பெயராக வகுப்பறையில் வழங்குதல் தகாது. 'செம்பருந்து' பற்றிய ஐயமில்லை. ஆயின் அதன் இளம்பறவை முழுதும் பழுப்பாக இருக்கும். கரும்பருந்து என்று மயங்காதிருக்க வாலைப் பார்க்க வேண்டும்: இதன் வால் முனை வட்டம், அதன் வால் முனை பிளவு. 'கருந்தோள் பருந்து' நூலார் ஆக்கம், வழுவில்லை. ஆயினும் செபராங் பிறை வயலில் நிற்கும் மாணவனுக்கு அதனை மலாய் வழியே 'எலிப்பருந்து' என்று சொன்னால் ஒருமுறையிலேயே மனத்தில் நிற்கும். கலைச்சொல் நூலில் முன்னதும் பேச்சில் பின்னதும் வாழட்டும் என்பதே எம் துணிபு.

வகுப்பில் படத்தொகுப்பு செய்விக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயருக்கு அடுத்து நான்கு செய்திகளை மாணவரை எழுதச் செய்யுங்கள்: எடுத்த இடம், நாள், அப்போது பறவை செய்துகொண்டிருந்தது, உணவு இட்டு வரவழைத்ததா என்பது. மூன்றாவதை எழுதத் தொடங்கும் மாணவர் பெயரையும் தாமே தேடுவர். நின்று சிறகடித்தது, நீரில் பாய்ந்தது, வயல்மேல் தாழ அலைந்தது என்று எழுதிய பின்பு மூன்றுக்கும் 'கழுகு' என்று எழுத அவர்கள் மனம் ஒப்பாது.

வயல்மேல் தாழ அலைவதற்கும் தமிழில் பெயர் உண்டு: பூனைப்பருந்து. சிறகை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, நெற்பயிரின் தலையை ஒட்டியவாறு, ஓசை கேட்டு இரை தேடிச் செல்லும் பறவை அது. முகம் ஆந்தையின் முகம் போல் வட்டம். வடக்கே குளிர் தொடங்கியதும் நம் வயல்களுக்கு வரும் அவ்வினப் பறவைகள், மார்ச்சு, ஏப்ரல் வாக்கில் மீண்டும் வடக்கே சென்றுவிடும். பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறையை ஒட்டிய அதிகாலைகள் அவற்றைப் படமெடுக்க ஏற்றவை; வரப்பில் அசையாது நிற்கத் தெரிந்திருந்தால், சிறிய கருவியே போதும்.